பைன் மரமும் பூஞ்சணமும்: எதிர்ப்புச் சக்தியைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

பனி உறையும் வடதிசைச் சமவெளிகள் முதல் மெக்ஸிகோவின் வெதுவெதுப்பான மலைச்சாரல்கள் வரையில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பரவி நிற்கும் பைன் மரங்களைப் பற்றி எழுதிய நோய்ச் சாஸ்திரிகள், அவை எவ்வாறு மடிகின்றன என்பதையே பெரும்பாலும் விரித்துரைத்திருக்கிறார்கள். சற்று நிதானித்து யோசிப்பவர்களுக்கோ, அவை மடியாமல் நிற்பதே அதைவிடப் பெரிய ஆச்சரியமாகத் தோன்றும். காட்டுக் காற்றில் பூஞ்சணங்களின் வித்துத்தூள் கலவாத நாள் அரிது. காற்றில் முறிந்த கிளை, வண்டு துளைத்த பட்டை, கல்லில் உராய்ந்த வேர் என்று மரத்தின் மேனியில் வாயில்கள் திறந்தவண்ணமே இருக்கின்றன. நின்ற இடத்தை விட்டு அகலும் வழியும் மரத்துக்குக் கிடையாது. அப்படியிருந்தும் வட ஐரோப்பாவின் ஸ்காட்ஸ் பைன் முந்நூறு ஆண்டுகள் வாழ்வது சாதாரணம். கலிபோர்னியாவின் வெண்மலைத் தொடரில் நிற்கும் முள்கூம்புப் பைன் ஒன்றின் வயது 4,600 ஆண்டுகளைத் தாண்டியது என்பதை 1957இல் எட்மண்ட் ஷுல்மன் வளையங்களை எண்ணி நிரூபித்தார். இந்த நெடுவாழ்வுக்கு ஆதாரமான எதிர்ப்புச் சக்தி யாது, அது எங்கே இருக்கிறது, எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்பவற்றை இதுவரை நடந்த ஆராய்ச்சிகளின் துணைகொண்டு சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வினாவின் வரலாறு

மரம் அழுகுவதற்குப் பூஞ்சணம் காரணமா, அல்லது அழுகிய மரத்திலிருந்து பூஞ்சணம் தானே பிறக்கிறதா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் தீராத வாதமாக இருந்தது. ஜெர்மானிய வன சாஸ்திரியான ராபர்ட் ஹார்ட்டிக், 1874இல் வெளியிட்ட நூலில், கட்டைக்குள் ஓடும் நுண்ணிய இழைகளும் வேரடியில் வெளிப்படும் காளானும் ஒரே உயிரின் இரண்டு உருவங்கள் என்று எடுத்துக்காட்டி அந்த வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தார். நோயின் காரணம் இவ்வாறு விளங்கிய பிறகு, நோய் வாராமைக்குக் காரணம் என்ன என்ற அடுத்த வினா இயல்பாக எழுந்தது. அதற்கு விடை தேடியவர்கள் காலக்கிரமத்தில் இரு கட்சிகளாகப் பிரிந்தார்கள். 1940இல் ஜெர்மனியில் முல்லரும் பேர்கரும், தாவரம் தன்னைத் தீண்டிய பகைவனைக் கண்டபின் புதிதாக உண்டாக்கும் நச்சுப் பொருள்களே அதைக் காக்கின்றன என்று உருளைக்கிழங்கை வைத்து வாதித்து, அப்பொருள்களுக்கு ஃபைட்டோஅலெக்ஸின் என்று பெயரிட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஃப்ளோர், ஆளிச் செடியையும் அதன் துரு நோயையும் ஆராய்ந்து, தாவரத்திலுள்ள ஒவ்வொரு எதிர்ப்பு ஜீனுக்கும் நேராகப் பூஞ்சணத்திலும் ஒரு ஜீன் உண்டு என்ற சித்தாந்தத்தை நிலைநாட்டினார். முன்னவர் வழிவந்தோர் எதிர்ப்பை ஒரு ரஸாயனமாகவும், பின்னவர் வழிவந்தோர் அதை ஒரு பரம்பரைச் சொத்தாகவும் கருதலாயினர். பைன் மரத்தைப் பொறுத்தவரையில் இரு கட்சியும் பாதி உண்மையையே கண்டன என்பதும், இங்கே எதிர்ப்பு என்பது எந்தப் பொருள் இருக்கிறது என்பதைவிட அது எப்போது, எந்த இடத்தில் வந்து சேர்கிறது என்பதையே பொறுத்தது என்பதும் இனி விளங்கும்.

முன்கூட்டியே நிற்கும் காவல்

பைன் மரத்தின் முதற் காவல், நோய் வருமுன்பே மரமெங்கும் நிறைந்து நிற்கும் பிசின். கட்டையினுள் நெடுக்காகவும் ஆரவாட்டிலும் ஓடி ஒன்றோடொன்று பின்னிய குழாய்களில் அது அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. இக்குழாய்களைச் சூழ்ந்த செல்கள் பைன் இனத்தில் மெல்லிய சுவருடையனவாய் நெடுநாள் உயிரோடிருப்பதால், காயம் பட்ட இடத்தில் பிசின் சுரப்பது ஒரு நாளோடு நின்றுவிடுவதில்லை. இமயத்தின் தாழ்சாரல்களில் சிர் பைனின் பட்டையைக் கீறிப் பிசின் வடித்து, அதைக் காய்ச்சி டர்ப்பன்டைன் தைலத்தையும் ரோஸினையும் வேறு பிரிக்கும் தொழில் இந்தச் சுபாவத்தை நம்பியே நடந்துவருகிறது. அத்தொழிலில் பிரியும் இரு பங்குகளே மரத்திலும் இரு வேறு காரியங்களைச் செய்கின்றன. ஆல்ஃபா பைனீன், பீட்டா பைனீன், லிமொனீன், கேரீன் முதலிய மோனோடெர்ப்பீன்கள் எளிதில் ஆவியாகும் தைலப் பங்கு. அவை பூஞ்சண இழையின் சவ்வில் ஊடுருவி அதன் ஒழுங்கைக் குலைப்பதோடு, கனமான பங்கைக் கரைத்துக் காயத்தின் வாய்க்குக் கொண்டு சேர்க்கின்றன. தைலம் ஆவியானபின் எஞ்சும் அபியடிக் அமிலம் முதலிய டைடெர்ப்பீன் அமிலங்கள் இறுகிக் கெட்டியாகி வாயிலை அடைப்பதுடன், தாமும் பூஞ்சணத்தின் வளர்ச்சியைத் தடுக்கின்றன.

ஆயினும் பிசினின் வலிமை அதன் கலவையை மட்டும் சார்ந்ததன்று. குழாய்களின் அழுத்தம், சூழ்ந்துள்ள செல்களில் நீர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதிகாலையில் மிகுந்தும் நண்பகலில் தாழ்ந்தும் மாறுகிறது. நீடித்த வறட்சியில் அது மிகவும் குன்றிவிடுகிறது. ஒரே கலவையைக் கொண்ட பிசின், மழைக்காலத்தில் மரத்தைக் காத்து, வறண்ட கோடையில் கைவிடுவது இதனாலேயே நிகழ்கிறது.

வைரத்தின் ரஸாயனம்

பிசினுக்கு அடுத்தபடி ஆராய்ச்சியாளர்களின் கவனத்தைக் கவர்ந்தவை ஃபினால் வகைப் பொருள்கள். இவற்றுள் முதன்மையானதைக் கண்டெடுத்த வரலாறு சுவையானது. ஸ்வீடன் தேசத்துக் காகித ஆலைகளில், சல்ஃபைட் முறையில் ஸ்காட்ஸ் பைனின் வெளிற்றுப் பகுதி கூழாகிவிட, வைரம் பாய்ந்த நடுக்கட்டை மட்டும் கூழாகாமல் அடம்பிடித்தது. அதன் காரணத்தைத் தேடிப் புகுந்த ஹோல்கர் எர்ட்மன், 1939இல் அவ்வைரத்திலிருந்து பைனோஸில்வின் என்னும் ஸ்டில்பீனைப் பிரித்தெடுத்து, ஆலைக்கு இடைஞ்சலாக இருப்பது இதுவே என்று காட்டினார். ஆலைக்காரருக்குத் தொல்லையாயிருந்த அப்பொருளே மரத்துக்கு ரக்ஷகனாயிருக்கிறது என்பதைப் பின்வந்த சோதனைகள் தெளிவாக்கின. கட்டையை அழுகச் செய்யும் பூஞ்சணங்களை அது தடுப்பது கண்ணாடிப் பாத்திரத்தில் மட்டுமின்றிக் கட்டையிலும் ஓரளவு மெய்ப்பட்டது.

வைரம் உண்டாகும் விதம் கவனிக்கத்தக்கது. வெளிற்றின் உட்புறத்திலுள்ள உயிர்ச்செல்கள், தாம் மடியுமுன் தமது மாச்சத்தைச் செலவழித்துப் பைனோஸில்வினையும் அதன் மெதில் ஈதரையும் ஆக்கி வைத்துவிட்டுப் பின்னரே மடிகின்றன. அதன்பின் அவ்விடத்தில் புதிதாக எதையும் ஆக்க வல்ல உயிர் கிடையாது. ஆதலால் வைரத்தின் எதிர்ப்பு கையிருப்புச் செல்வம் போன்றதேயன்றிச் சம்பாத்தியம் அன்று. காலம் செல்லச் செல்ல அது சிதையவும் குறையவும் கூடும். வெள்ளை மக்கலை உண்டாக்கும் பூஞ்சணங்கள் தமது நொதிகளால் ஃபினால்களை ஆக்ஸிகரித்துச் செயலிழக்கச் செய்ய வல்லவை என்பதால், பைனோஸில்வின் மிகுந்த கட்டையும் எல்லாப் பகைவர்க்கும் ஒரே அளவில் கடினமானதாயிருப்பதில்லை.

எழுப்பப்படும் காவல்

உயிரோடிருக்கும் வெளிற்றின் முறை இதற்கு நேர்மாறானது. ஆரோக்கியமான வெளிற்றில் பைனோஸில்வின் கிட்டத்தட்ட இல்லையென்றே சொல்லலாம். பூஞ்சணம் தீண்டினாலோ, காயம் பட்டு உலர்ந்தாலோ, அச்செல்கள் ஃபினைல்அலனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து சின்னமிக் அமிலத்தை ஆக்கி, ஸ்டில்பீன் சின்தேஸ் என்ற நொதியின் உதவியால் அதைப் பைனோஸில்வினாக மாற்றுகின்றன. இளநாற்றுகளின் ஊசியிலைகளில் ஓஸோன் பட்டாலும் இதே வினை தூண்டப்படுவதால், இது குறிப்பிட்ட பகைவனுக்கென்று அமைந்த பதிலன்று, பொதுவான அபாயத்துக்கு அளிக்கும் பதில் என்பது புலனாகிறது. இதனுடன் புதிய பிசின் சுரப்பும், செல்சுவரில் லிக்னின் படிவதும், பூஞ்சணத்தின் சுவரிலுள்ள கைட்டினையும் குளுக்கனையும் அரிக்கும் நொதிகளின் உற்பத்தியும் சேர்ந்து, தாக்குண்ட பகுதியைச் சுற்றிப் பிசினில் தோய்ந்த ஓர் எல்லைக்கோடு உருவாகிறது. மிருகங்களைப் போல மரம் புண்ணை ஆற்றுவதில்லை, அதைச் சுவரெழுப்பி ஒதுக்கிவிட்டு அதன் வெளியே புதுக் கட்டையை வளர்க்கிறது என்று அலெக்ஸ் ஷைகோ 1977இல் வகுத்துரைத்த கொள்கையின் உட்பொருள் இதுவே.

இந்தச் சுவர் எழும் வேகத்துக்கும் இழை பரவும் வேகத்துக்கும் உள்ள போட்டியே நோயின் கதியை நிர்ணயிக்கிறது. ஹெட்டெரோபசிடியான் என்னும் வேரழுகல் பூஞ்சணத்தின் சரித்திரம் இதற்குச் சிறந்த சான்று. இங்கிலாந்தின் தெட்ஃபோர்டு காட்டில் ஆராய்ந்த ஜான் ரிஷ்பெத், அப்பூஞ்சணம் உயிர்மரத்தை நேரே தாக்குவதைவிட, மரம் வெட்டியபின் எஞ்சும் புதிய அடிக்கட்டையின் முகத்தில் வித்தாய் விழுந்து, வேர்வழியே இறங்கி, வேரோடு வேர் தொடும் இடத்தில் பக்கத்து மரத்துக்குத் தாவுகிறது என்று கண்டார். தழையினின்று ஊட்டம் பெறும் வழி அற்றுப்போன அடிக்கட்டை, செல்கள் மெல்ல மடிய மடியச் சுவரெழுப்பும் சக்தியை இழந்துவிடுகிறது. அதில் வலுப்பெற்ற பூஞ்சணமோ, தனித்து வந்திருந்தால் தோற்றிருக்கக்கூடிய உயிர்வேரையும் வென்றுவிடுகிறது. 1963இல் ரிஷ்பெத், ஃப்ளெபியாப்ஸிஸ் என்ற தீங்கற்ற வேறொரு பூஞ்சணத்தின் வித்துகளை அடிக்கட்டையின் மேல் தடவி, அது முந்திக்கொண்டு இடத்தைப் பிடிக்கும்படி செய்து இந்நோயைத் தடுக்கும் வழியைக் காட்டினார். ஸ்ப்ரூஸ் மரத்தில் நடுக்கட்டையைக் குடைந்து மேலேறும் இதே நோய், பைனில் வேரோடும் அடிமரத்தோடும் பெரும்பாலும் நின்றுவிடுவதற்கு, பிசினும் ஸ்டில்பீனும் மிகுந்த கட்டையே காரணம் என்பது பொதுவான அபிப்பிராயம்.

தாக்குதல் ஓரிடத்தில் நிகழ, மரம் முழுவதும் விழிப்படைவதும் உண்டு. கலிபோர்னியாவில் 1986இல் தோன்றி மான்டெரி பைனைச் சூறையாடிய பிசின் புற்றுநோயை, அதாவது ஃபியூசேரியம் சர்சினேட்டத்தின் தாக்குதலை ஆராய்ந்த கார்டன், பொனெல்லோ முதலியோர், முன்பே நோய் தீண்டிய மரங்களில் அடுத்த தீண்டல் உண்டாக்கும் புண் சிறியதாயிருப்பதைக் கண்டார்கள். ஆனால் இந்த ஞாபகசக்தி சர்வாங்கத்துக்கும் நன்மையே செய்வதன்று. கருப்புப் பைனின் அடிமரத்தில் டிப்ளோடியா இனப் பூஞ்சணங்களைச் செலுத்திப் பார்த்த 2007ஆம் ஆண்டுச் சோதனையில், அடிமரத்தில் எதிர்ப்பு வளர, கிளைநுனிகளிலோ நோய்க்கு இடங்கொடுக்கும் தன்மை மிகுந்தது. ஓரங்கத்தின் பாதுகாப்புக்கு மற்றோரங்கம் விலை கொடுக்கிறது என்ற இம்முடிவு, மரத்தின் எதிர்ப்பை ஒரே அளவுகோலால் அளக்க முயல்வோருக்கு எச்சரிக்கையாகும்.

பரம்பரை எதிர்ப்பு

இனி ஜீன்களை நம்பும் கட்சியின் வாதத்தைப் பார்ப்போம். ஆசியாவில் தோன்றி, ஐரோப்பிய நாற்றங்கால்களின் வழியே 1900ஆம் ஆண்டை ஒட்டி வட அமெரிக்காவின் கீழ்க்கரையிலும், 1910இல் வான்கூவர் வழியே மேல்கரையிலும் புகுந்த கொப்புளத் துரு, ஐந்தூசி வெள்ளைப் பைன்களை அழித்த அழிவு வனநோய் வரலாற்றில் பெரியதோர் அத்தியாயம். குரோனார்ஷியம் ரிபிகோலா என்னும் அப்பூஞ்சணம் தன் வாழ்நாளில் ஒரு பாதியை நெல்லி வகையான ரைபீஸ் புதர்களில் கழித்து, மறுபாதிக்கு ஊசியிலையின் நுண்துளை வழியே பைனுக்குள் நுழைந்து பட்டையைப் புற்றாக்குகிறது. நம் இமயத்தின் சிர் பைனைத் தாக்கும் குரோனார்ஷியம் ஹிமாலயன்ஸி என்ற துருவும் இதே சுபாவமுடையது. அதை விவரித்தவர் டேராடூன் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பாக்சி. அதன் மறுபாதி வாழ்வு, சிரத்தைக்குச்சியின் இனத்தைச் சேர்ந்த செடிகளில் கழிகிறது. அமெரிக்காவில் ரைபீஸ் புதர்களை வேரோடு பிடுங்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தும் பெரும்பயன் விளையவில்லை. பூஞ்சணத்தோடு நெடுங்காலம் பழகிய ஸ்விஸ் பைன், கொரியப் பைன் முதலியன பெரும்பாலும் தப்பி நிற்க, பழகாத அமெரிக்க இனங்கள் மடிந்தமையால், எதிர்ப்பு பரம்பரையில் ஊறியது என்ற எண்ணம் வலுத்தது.

1970இல் போஹன் கின்லாக்கும் அவர் சகாக்களும், சர்க்கரைப் பைனில் ஒற்றை ஆதிக்க ஜீன் ஒன்று இத்துருவை முற்றிலும் தடுக்கிறது என்று வெளியிட்டார்கள். இந்த ஜீனை உடைய நாற்றின் ஊசியிலையில் பூஞ்சணம் நுழைந்ததும், தீண்டப்பட்ட செல்கள் தாமே மடிகின்றன. உயிர்ச்செல்லையே உணவாகக் கொள்ளும் துரு, மடிந்த செல்களுக்கிடையே பட்டினியால் அழிகிறது. மேற்குவெள்ளைப் பைனிலும் லிம்பர் பைனிலும் இத்தகைய ஜீன்கள் பின்னர் கண்டறியப்பட்டன. லாப்லாலிப் பைனில் ஃபியூஸிஃபார்ம் துருவைத் தடுக்கும் ஜீனின் இருப்பிடம் 1996இல் நிர்ணயிக்கப்பட்டது. மனிதனுடையதைப் போல ஏழு மடங்கான லாப்லாலியின் ஜீனோம் 2014இலும், அதனினும் பெரிய சர்க்கரைப் பைனின் ஜீனோம் 2016இலும் வெளியானபின் இவ்வாராய்ச்சி மேலும் துரிதமடைந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கருத்தில் வைக்க வேண்டும். துருவைப் பட்டினி போடும் அதே செல்மரணம், மடிந்த திசுவையே உண்டு பெருகும் டிப்ளோடியா போன்ற பூஞ்சணத்துக்கு உணவாகிவிடும். எனவே ஒரு மரத்தை ‘எதிர்ப்புள்ளது’ என்று பொதுவாகச் சொல்வதில் பொருளில்லை. எந்தப் பகைவனுக்கு எதிராக என்பதையும் சேர்த்துச் சொன்னாலன்றி அவ்வாக்கியம் நிறைவு பெறாது.

பூஞ்சணத்தின் பதில்

மரத்தின் காவல்கள் எவ்வளவு நுட்பமானவையோ, அவற்றைக் கடக்கப் பூஞ்சணம் கண்ட வழிகளும் அவ்வளவு நுட்பமானவை. சர்க்கரைப் பைனின் அந்த ஜீனைப் பொருட்படுத்தாத துரு வர்க்கம், கலிபோர்னியாவின் ஹாப்பி காம்ப்பில் எதிர்ப்புள்ள மரங்களை நட்டு வளர்த்த தோட்டத்திலேயே எழுபதுகளின் பிற்பகுதியில் வெளிப்பட்டது. நூற்றாண்டுகள் வாழ வேண்டிய மரத்துக்குக் கிடைத்த காப்பு, சில ஆண்டுகளுக்குள் அந்த இடத்தில் பயனற்றதாயிற்று. பருவந்தோறும் கோடிக்கணக்கில் வித்துகளைப் பெருக்கும் பூஞ்சணத்தில் ஒரே ஒரு மாறுதல் போதும். தலைமுறை ஒன்றுக்குப் பல பத்தாண்டுகள் எடுத்துக்கொள்ளும் மரமோ அதற்கு ஈடாக மாறுவதற்குள் காடு அழிந்துவிடும்.

ரஸாயனக் காவலும் இவ்விதிக்கு விலக்கன்று. மலைப்பைன் வண்டு தன் வாயில் சுமந்து செல்லும் குரோஸ்மானியா கிளாவிகெரா என்னும் நீலக்கறைப் பூஞ்சணம், தன் உடலுக்குள் புகும் மோனோடெர்ப்பீன்களை வெளியே இறைத்துத் தள்ளும் சவ்வுப் புரதம் ஒன்றைக் கொண்டிருப்பதோடு, லிமொனீனை உணவாகவும் கொள்ள வல்லது. வண்டோ, அதே பிசினின் ஆல்ஃபா பைனீனைத் தன் கூட்டத்தை அழைக்கும் மணப்பொருளாக மாற்றிக்கொள்கிறது. காக்க வந்த பொருளே பகைவனுக்கு உணவும் சைகையுமாகிவிடும் இந்நிலையில், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1990களில் தொடங்கிய வண்டுப் பெருக்கம் 1 கோடியே 80 லட்சம் ஹெக்டேர் காட்டைப் பாதித்ததில் வியப்பில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரே ஜீனைப் போல ஒரே வர்க்கத்தால் ஒரு நாளில் முறியடிக்கப்படக்கூடியதன்று பிசின். பல பொருள்களின் கலவையான அதை வெல்லப் பூஞ்சணம் பல திறமைகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அவ்வாறு சேர்த்தபின்னும் அழுத்தமும் நீரும் நிறைந்த ஆரோக்கியமான மரம், சிற்சில வண்டுகளைப் பிசினிலேயே மூழ்கடித்துவிடுகிறது. கூட்டமாக வந்தாலன்றி வண்டுக்கும் பூஞ்சணத்துக்கும் வெற்றியில்லை.

சூழ்நிலையும் செலவும்

காவல் இலவசமாகக் கிடைப்பதன்று. ஒரே வருமானத்தில் பிள்ளைகளின் பசியையும் வீட்டுச் சுவரின் விரிசலையும் கவனிக்க வேண்டிய குடும்பஸ்தனைப் போல, மரமும் தன் ஒளிச்சேர்க்கையின் பயனை வளர்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் பங்கிட வேண்டியிருக்கிறது. இத்தர்மசங்கடத்தை ஹெர்ம்ஸும் மாட்ஸனும் 1992இல் விரிவாக ஆராய்ந்தார்கள். வேகமாக வளரட்டும் என்று உரமிட்ட செம்பைன் நாற்றுகளில் ஃபினால்கள் குறைந்து, டிப்ளோடியா பரவுவதற்கு இடமுண்டானது அவ்வாராய்ச்சிக்கு ஒத்த சான்று. பயன் கருதி ஒரே இனத்தை அந்நிய மண்ணில் அடர்த்தியாக நடும் வழக்கம் இச்சங்கடத்தை மேலும் பெருக்குகிறது. தென்னாப்பிரிக்காவில் பிசின் புற்றுநோய் 1990இல் முதன்முதல் தென்பட்டது நாற்றங்காலிலே பாட்டுலாப் பைனின் கன்றுகளில்தான். மெக்ஸிகோவைத் தாயகமாகக் கொண்ட அவ்வினமே கொடைக்கானல் மலையிலும் நடப்பட்டிருக்கிறது. வானிலையின் மாறுதலும் அலட்சியப்படுத்தத்தக்கதன்று. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடமேற்கில் டோத்திஸ்ட்ரோமா என்னும் ஊசியிலைக் கருகல் நோய் பரவியதற்கு, கோடை மழை மிகுந்ததே காரணம் என்று 2005இல் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினார்கள். மரத்தின் ஜீனும் ரஸாயனமும் மாறாதிருக்க, ஈரம் நீடித்த சில நாட்களே வெற்றி தோல்வியை மாற்றிவிட்டன.

முடிவு

இதுவரை கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், பைனின் எதிர்ப்புச் சக்தியை ஒரு பொருளிலோ ஒரு ஜீனிலோ தேடுவது பயனற்றது என்பது விளங்கும். பிசின் முன்னே நின்று நேரம் சம்பாதிக்கிறது. அந்த நேரத்தில் ஸ்டில்பீனும் லிக்னினும் நொதிகளும் எல்லையைக் கட்டுகின்றன. அந்த எல்லைக்குள் பகைவன் அடைபட்டபின் மரம் புதுக் கட்டையால் தன்னை விரிவாக்கிக்கொள்கிறது. இவற்றுள் எதுவும் தனியே பூஞ்சணத்தைக் கொல்ல வேண்டிய அவசியமில்லை; அதைத் தாமதப்படுத்தினாலே போதும்.

இவ்வுண்மை நடைமுறைக்கும் வழிகாட்ட வல்லது. 1950இல் ஐடஹோவில் ரிச்சர்ட் பிங்ஹாம் தொடங்கி, இன்று ஓரிகானிலுள்ள டொரீனா நிலையத்தில் நடைபெற்றுவரும் தேர்வு வேலையில், நோயே தீண்டாத மரங்களோடு, தீண்டியும் புற்றை மெதுவாக்கி உயிர்தாங்கும் மரங்களையும் விதைக்காகக் காப்பாற்றுகிறார்கள். ஒரே ஜீனால் முழுக்காப்புப் பெற்ற கன்றை ஆயிரக்கணக்கில் நடுபவருக்கு முதற் சில ஆண்டுகள் மகிழ்ச்சியாயிருக்கும். ஆனால் அவர் பூஞ்சணத்துக்கு முன் வைத்திருப்பது ஒரே ஒரு புதிர். அது விடுவிக்கப்பட்டால் தோட்டம் முழுவதும் ஒன்றாய் விழும். தேர்வாளர் கேட்க வேண்டியது, எந்த மரம் நோயற்றது என்ற கேள்வியன்று. எந்தெந்த மரங்கள் எந்தெந்த வழிகளில் நோயைத் தாமதிக்கின்றன என்பதும், அவ்வழிகளைக் கலந்து நடுவது எப்படி என்பதுமே. 2022இல் வெண்பட்டைப் பைனை அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களோடு சேர்த்து அறிவிக்கும்படி அமெரிக்க அரசு நிர்பந்தமுற்ற நிலைமையில், அதன் விதைகளைச் சேகரித்து எதிர்ப்பைச் சோதிக்கும் வேலை இக்கேள்வியை முன்னிறுத்தியே நடைபெற வேண்டும். காட்டை நட்டவர் அதன் பயனைக் காண்பதில்லை என்பது வனத்தொழிலின் பழைய நியதி. எதிர்ப்பை நட்டவருக்கும் அதே நியதியே பொருந்துமாதலால், சோதனை நாற்றங்காலில் ஐந்தாண்டில் கிடைக்கும் மதிப்பெண்ணை முடிவான தீர்ப்பாக ஏற்காமல், நட்ட தோப்புகளைப் பல தலைமுறை தொடர்ந்து கண்காணிக்கும் ஏற்பாட்டையும் கன்றுகளோடு சேர்த்தே வகுப்பது அரசுகளின் கடமையாகும்.